விரல் எழும் இடம்

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எழுதியதை அனுப்புவதற்கு முன்னால் ஒருவர் மற்றவருக்கு வாசித்துக்காட்ட வேண்டும். கேட்பவர் வாயைத் திறக்கக் கூடாது. நன்றாக இருக்கிறது, இழுக்கிறது, இந்தச் சொல் வேண்டாம் என்று எதுவும் சொல்லக் கூடாது. எந்த இடத்தில் பொய் தட்டுகிறதோ அங்கே ஒரு விரலைத் தூக்கினால் போதும். வாசிப்பவர் அந்த வரியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போவார். விவாதம் கிடையாது.

சட்டம் கொண்டுவந்தவள் என் மனைவி. கல்யாணமான புதிதில் அவளுடைய பத்து வரிக் கவிதை ஒன்றுக்கு நான் அரை மணி நேரம் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள்.

"கவிதையவிட நீங்க பேசுறது நீளமா இருக்கு. இனிமே வாயத் தொறக்காதீங்க. வெரல மட்டும் தூக்குங்க."

இருபத்தாறு வருடம் தூக்கினேன். அவள் எழுதிய பதினேழு புத்தகங்களுக்கும் என் வலது ஆள்காட்டி விரல்தான் முதல் வாசகன். ஒன்பது கவிதை, எட்டுக் கட்டுரை. அதே காலத்தில் நான் எழுதியவை இரண்டு ஒல்லிப் புத்தகங்கள். இரண்டையும் சேர்த்து நிற்க வைத்தால் நிற்காது, சாய்ந்துவிடும். பக்கத்தில் அவளுடையது ஏதாவது முட்டுக்கொடுக்க வேண்டும்.

அவள் லாபிஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் ரயிலேறி இறங்கி, செனாயில் ஒரு மின்னணுப் பொருள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். எழுதக் கற்றுக்கொண்டது கம்பெனி பஸ்ஸில். மடியில் சாப்பாட்டுப் பெட்டி, பெட்டி மூடியின் மேல் நோட்டு. பழைய நோட்டுகளைப் புரட்டினால் பஸ் ஓடிய இடமும் நின்ற இடமும் தெரியும். குலுங்கிக் குலுங்கிப் போகிற எழுத்து திடீரென்று நான்கு வரிக்கு நிமிர்ந்து நிற்கும். அங்கே சிவப்பு விளக்கு விழுந்திருக்கிறது. அவளுடைய நல்ல வரிகள் பல சிவப்பு விளக்கில் எழுதப்பட்டவை. இது எனக்கு மட்டும் தெரிந்த இலக்கிய விமர்சனம்.

எதைத்தான் எழுதவில்லை? கம்பெனியில் போட்டுக்கொள்ளும் நீலக் கையுறையைப் பற்றி. பால்மரத்துக்குப் போகும்போது அவள் அம்மா சேலையை எத்தனை விதமாக வரிந்துகட்டுவாள் என்பதைப் பற்றி. எங்கள் கூரைக்கு மேல் தாழ்ந்து இறங்கும் விமானங்களின் வயிற்றைப் பற்றி. தன் முழங்காலைப் பற்றி. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி அவள் நான்கு கட்டுரைகள் எழுதினாள், நான் ஒன்றும் எழுதவில்லை. பத்திரிகை ஒன்றின் ஞாயிறு பதிப்பில் அவளுக்கென்று அரைப் பக்கம் இருந்தது. பதினோரு வருடம், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. புதன்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். காய்ச்சலென்றாலும் சாவு வீடென்றாலும் புதன்கிழமை புதன்கிழமைதான்.

நான் விமான நிலையத்தை ஒட்டிய சரக்குக் கிடங்கில் குமாஸ்தா. எனக்கு உட்கார வராது. மூன்று வரி எழுதினால் எழுந்துவிடுவேன். வாசல் வரை போவேன், கடை வரை போவேன், ஒரு தே தாரிக் குடிப்பேன், திரும்பி வரும்போது அந்த மூன்று வரியும் பிடிக்காமல் போயிருக்கும். "உங்களுக்கு எழுத்து கால்ல வருது, கை வரைக்கும் ஏற மாட்டேங்குது" என்பாள். சிரிப்பேன். சிரித்துவிட்டு மறுபடியும் கடை வரை போவேன்.

போன வருடம் மழைக்காலம் முடிந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு நிற்கிறேன்.

"இந்தச் சட்டை காலர்ல…" என்றாள்.

அவ்வளவுதான். இஸ்திரிப் பெட்டி கையிலிருந்து சாய்ந்தது, அவளும் சாய்ந்தாள். காலரில் என்ன? அழுக்கா, பொத்தான் போயிருந்ததா, நூல் பிரிந்திருந்ததா? அந்தச் சட்டையை இன்றுவரை எத்தனையோ முறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். காலரில் ஒன்றுமில்லை. பதினேழு புத்தகத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்காமல் விட்டவள் இல்லை அவள்.

ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள், தலைமாட்டுக்கு வந்த நர்ஸைப் பார்த்து வாயைத் திறந்தாள். "ஆயேர்." தண்ணீர். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய், தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டு, பேச்சு வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது என்று கத்தினேன். நர்ஸ் மலாய்ப் பெண். அவளிடம் மலாயில் கேட்டதில் என்ன ஆச்சரியம்? மறுநாள் நான் குனிந்து, "வலிக்குதாம்மா?" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். நான் யார் என்பது அந்தக் கண்ணில் முழுசாக இருந்தது. உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அசைந்தது.

"சாக்கிட்," என்றாள். வலிக்கிறது.

என்னிடம். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு கேலிக்குக்கூட நாலு வார்த்தை மலாய் பேசாதவள்.

பக்கவாதத்தில் சிலருக்கு இப்படி ஆகும் என்றார் டாக்டர். இரண்டு மொழி இருந்த இடத்தில் ஒன்று போய் இன்னொன்று நிற்கும். கேட்டால் புரியும், சொல்ல வராது. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். அவர் சொன்ன விதத்தில் கனிவு இருந்தது. ஆனால் நின்றது எந்த மொழி! பாசாரில் கெம்போங் மீனை ஆய்ந்து வாங்குகிற மொழி. கம்பெனியில் பக்கத்துப் பெண்ணிடம் சாமான் தட்டை நகர்த்தச் சொல்லுகிற மொழி. அதில் அவள் ஒரு வரி எழுதியதில்லை. கவிதை எழுதிய மொழி போய்விட்டது, மீன் வாங்கிய மொழி கூட வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு வாரம் இரண்டு முறை பேச்சுப் பயிற்சி. இளம் மலாய்ப் பெண் ஒருத்தி பட அட்டைகளைக் காட்டுவாள். பூனை, சாவி, குடை. இவள் ஒவ்வொன்றுக்கும் பேர் சொல்லுவாள். குடைப் படத்துக்கு, "பாயோங்."

"பாகூஸ், மக்சிக்! பாகூஸ்!" என்று அந்தப் பெண் கைதட்டுவாள். பிரமாதம், ஆன்ட்டி. நல்ல பெண். எவ்வளவு வந்திருக்கிறது என்றுதான் அவளுக்குத் தெரியும், எவ்வளவு போனது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் கதவோரம் நின்று, குடைக்கு அவள் எழுதிய பதினாறு வரிக் கவிதையை மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இதற்கிடையில் புதன்கிழமை வந்தது. அவள் இழுப்பறையில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த கட்டுரைகள் மூன்று இருந்தன. மூன்று வாரம் ஓடிற்று. நான்காவது வாரம் ஞாயிறு பதிப்பின் ஆசிரியர் கூப்பிட்டார்.

"அண்ணே, அக்கா எப்படி இருக்காங்க?"

"இருக்கா."

"அண்ணே, நான் கேக்கக் கூடாது. ஆனா மேல கேக்குறாங்க. அக்கா கட்டுரை இருக்கா? இல்லன்னா ஒரு வாரம் ரெண்டு வாரம் சமாளிப்பேன். அதுக்கு மேல அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருவாங்கண்ணே. ஒருக்கா போனா திரும்ப வாங்குறது சிரமம்லா."

"இருக்கு, இருக்கு. நெறைய எழுதி வெச்சிருக்கா. அனுப்புறேன்," என்றேன்.

இழுப்பறை காலி. பொய் அப்படித்தான் வந்தது, யோசிக்காமல், கதவு தட்டினால் வருகிறேன் என்கிற மாதிரி. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: அந்த அரைப் பக்கம் போய்விட்டால் அவள் திரும்பி வர இடம் இருக்காது. உயிரோடு இருக்கும்போதே, 'இருந்தார், எழுதினார்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். தமிழ் திரும்பும்வரை நாற்காலியில் துண்டைப் போட்டு வைப்போம்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தே இருந்தேன். ஆயிரம் சொல், ஒரே இருப்பில். எழவில்லை, வாசலுக்குப் போகவில்லை, தே தாரிக் ஞாபகம் வரவில்லை. அவளுடைய சின்ன வாக்கியங்கள், கேள்வி கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் போகிற வழக்கம், எல்லாம் எனக்குக் கைப்பாடம். இருபத்தாறு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தவன் அல்லவா? என் பெயரில் ஓடாத கை அவள் பெயரில் ஓடியது. அன்றைக்கு எனக்கு ஏற்பட்டது துக்கம் என்று எழுதினால் விரல் எழும். அது சந்தோஷம்.

எட்டு வாரம் எழுதினேன். அடுத்த அறையில் அவள் சன்னல் பக்கம் சாய்ந்து படுத்திருப்பாள். அச்சானதும் பத்திரிகையை மடித்து அலமாரியில் வைத்துவிடுவேன். அவளிடம் ஒன்றைக்கூட வாசித்துக் காட்டவில்லை. சட்டத்தை மீறினேன்.

ஆறாவது வாரம் மளிகைக் கடையில், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், அக்கா இப்ப எழுதுறது இருக்கே! முன்னயெல்லாம் கொஞ்சம் வெடுக்குன்னு இருக்கும். இப்பத்தான் சார் கனிஞ்சிருக்கு. போன வாரம் அழுதுட்டேன்."

"சொல்றேம்மா," என்றேன். கடுகும் பருப்பும் வாங்க வந்தவன் இரண்டையும் மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் அந்தச் சொல்லைச் சப்பிக்கொண்டே வந்தேன். கனிஞ்சிருக்கு.

எட்டாவது கட்டுரை லாபிஸ் ரயிலடி. பத்தொன்பது வயதில் அவள் தோட்டத்தை விட்டுக் கிளம்பிய காலை. அதை அவள் எழுதியதே இல்லை. இத்தனை எழுதியவள் அதை மட்டும் ஏன் விட்டாள் என்று நான் யோசித்ததுமில்லை. நானே எழுதினேன். தண்டவாளத்தில் பனி, தூரத்தில் ரயில் விளக்கு, முந்தானையைக் கடித்துக்கொண்டு அழும் அம்மா, ரயில் நகர்ந்த பிறகும் அசைந்துகொண்டிருக்கும் கை. எனக்கே கண் கலங்கிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை லாபிஸிலிருந்து அவளுடைய அக்கா கூப்பிட்டார். தங்கை எழுதிய எதையும் வாழ்நாளில் பாராட்டாதவர். "எழுதி எழுதி மூளையத் தேச்சுட்டா, இப்ப பாரு" என்று ஆஸ்பத்திரியிலேயே சொன்னவர். ஆனாலும் ஞாயிறுதோறும் பத்திரிகை வாங்கிவிடுவார்.

"தம்பி, இது எப்ப எழுதுனது?"

"எது, அக்கா?"

"இந்த ரயில் கதை. எங்கம்மா அழுதாங்கன்னு போட்டிருக்கா. எங்கம்மா எப்பப்பா அழுதாங்க? நான்தான் பக்கத்துல நின்னேன். சொட்டுத் தண்ணி வரல. 'கொடைய எடுத்தியா'ன்னு கேட்டாங்க. இவ இல்லன்னா. 'போற எடத்துல நனைஞ்சு சாவு'ன்னு திட்டிட்டு, வண்டி கெளம்புறதுக்கு முந்தியே வெறகு பொறுக்கணும்னு போயிட்டாங்க. அதுக்கு அப்புறம் நாப்பது நாளு அம்மா யார்கிட்டயும் பேசல. அது வேறலா."

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவ இப்படி எழுத மாட்டாளே தம்பி," என்றார் அக்கா. குரலில் சண்டை இல்லை. "அவ எழுதுனா எனக்குக் கோவம்தான் வரும். அழுவ வராது."

போனை வைத்த பிறகு அலமாரியைத் திறந்தேன். அன்றைய பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். அக்காவுக்கு மறந்திருக்கும், வயதாகிவிட்டது, அம்மா அழுதிருப்பார், எந்த அம்மா அழமாட்டார்? என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் போனேன். அவளை நிமிர்த்தி, முதுகுக்குத் தலையணை வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.

"வாசிக்கவா?"

அவள் கண் பத்திரிகைக்குப் போயிற்று. மேலே அவளுடைய படம், அவளுடைய பெயர்.

வாசிக்க ஆரம்பித்தேன். தண்டவாளத்துப் பனி. இடது கை போர்வைக்கு மேல் இருந்தது. வலது கை அப்போதும் எழும்பாது. அந்த இடது கையின் ஆள்காட்டி விரல் எழுந்தது. இழுப்பாக இருக்கும், சில நேரம் அப்படி இழுக்கும் என்று நினைத்து மேலே போனேன். ரயில் விளக்கு. விரல் இறங்கவில்லை. என் குரல் குறைந்துகொண்டே போயிற்று. முந்தானையைக் கடித்துக்கொண்டு அம்மா அழுதாள் என்று வாசித்தபோது அவள் தலையை ஆட்டினாள்.

"புக்கான்," என்றாள். இல்லை.

பிறகு எதையோ தேடினாள். நெற்றி சுருங்கி, கழுத்து நரம்பு புடைத்து, பட அட்டை இல்லாமல், கைதட்ட ஆள் இல்லாமல் தேடினாள். அவள் அப்படித் தேடி நான் பார்த்ததில்லை. பஸ் நிற்கக் காத்திருக்கிற முகம்.

"புக்கான்… பாயோங்."

அழுகை இல்லை, குடை. நான் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டேன். அவள் கையை நீட்டி, அச்சில் இருந்த தன் படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"புக்கான் சாயா புன்யா."

என்னுடையது இல்லை. பாசாரில், யாராவது வேறு பையை எடுத்து நீட்டினால் சொல்லுகிற அதே சாதாரணக் குரலில். அவள் கோபப்பட்டிருக்கலாம். அழுதிருக்கலாம். இதைத்தான் சொன்னாள்.

நான் எழுந்தேன். வாசல் வரை போனேன். கேட் வரை போனேன். மேலே ஒரு விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு இறங்கியது. இனி எங்கே போவது? திரும்பி வந்தேன். அலமாரியிலிருந்து அவளுடைய கட்டுரைத் தொகுப்பு ஒன்றை எடுத்தேன். உன்னுடையது இதோ என்று காட்ட வேண்டும்போல் இருந்தது. ஒரு கட்டுரையை வாசித்தேன், இன்னொன்றை வாசித்தேன். விரல் போர்வை மேல் படுத்தே கிடந்தது. கண் மூடிக் கேட்டாள். நீலக் கையுறைக்கு வாய் ஒரு ஓரமாகச் சிரித்தது. மூன்றாவதாக நான் திறந்தது என்னைப் பற்றி அவள் எழுதியது. அதில் ஒரு வரி வரும்: என் எழுத்தைக் கண்டு ஒரு நாளும் அவர் முகம் சுருங்கியதில்லை.

விரல் எழுந்தது.

அந்தக் கட்டுரையை அவள் முதல்முறை எனக்கு வாசித்துக் காட்டிய சாயங்காலம் ஞாபகம் வந்தது. அந்த வரியில் கொஞ்சம் நின்றாள். என் கையைப் பார்த்தாள். நான் இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டிருந்தேன். அது பொய் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவள் ஒரு நொடி காத்திருந்துவிட்டு மேலே போனாள். வரி அப்படியே அச்சாயிற்று. எனக்காக அவள் வைத்திருந்த ஒரே பொய். நான் தூக்காத விரலை இப்போது அவளே தூக்கினாள்.

"தெரியுமா உனக்கு?" என்றேன்.

"தாவு லா," என்றாள். தெரியும்லா. அவள் அக்காவைப் போலவே, இழுத்து. பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். அப்புறம் நான் அழுதேன். அவள் இடது கையால் என் சட்டைக் காலரைப் பிடித்துச் சரிசெய்தாள்.

மறுநாள் பத்திரிகை ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

"எட்டு வாரமும் நான்தான் எழுதுனேன்."

"அலமாக்… அண்ணே, நானே போன் போட்டுப் பாராட்டுனேனேண்ணே."

"ஆமா. பேசாம கேட்டுக்கிட்டேன்."

"இப்படியே விட்டுரலாம்ணே. யாருக்குத் தெரியப்போவுது? அக்கா ஒடம்பு தேறுற வரைக்கும் நீங்களே…"

"அவளுக்குத் தெரியும்."

"சொன்னாங்களா?"

"சொன்னா."

"என்ன சொன்னாங்க?"

அதை அவருக்கு எப்படிச் சொல்வது? "திருத்தம் போடுங்க," என்றேன். "அவ பேர எடுத்துட்டு, எட்டும் என்னோடதுன்னு போடுங்க."

அடுத்த ஞாயிறு, பக்கத்தின் அடியில் நான்கு வரி வந்தது. மளிகைக் கடை வாசகி அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் உப்பு டப்பாவைப் பார்க்கத் தொடங்கினார். அக்கா கூப்பிட்டு, "தைரியம்தான் உங்களுக்கு" என்றார். திட்டா பாராட்டா என்று கேட்கவில்லை. அரைப் பக்கம் கெலாங் பாத்தாவில் இருக்கும் ஓர் இளம் பெண்ணுக்குப் போயிற்று. நன்றாக எழுதுகிறாள். ஞாயிறு காலை அதை நான் வாசிக்க, இவள் கேட்பாள். முதல் வாரம் மூன்று முறை விரலைத் தூக்கினாள். அந்தப் பெண்ணிடம் நான் சொல்லவில்லை.

துண்டு போட்டு வைத்த நாற்காலியை நானே எழுந்து கொடுத்துவிட்டேன். அவள் திரும்பி வந்தால் உட்கார இடம் இல்லை. ஆனால் பதினேழு புத்தகத்துக்குப் பின்னால் அவள் எழுதாத எட்டுக் கட்டுரைகள் அவள் பெயரில் ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. அவளுடைய கடைசிக் கட்டுரை எது என்று யாராவது கேட்டால், இழுப்பறையிலிருந்த மூன்றாவது. பாசாரில் பார்த்த ஒரு மீன்காரியின் கைக்கடிகாரத்தைப் பற்றியது. கடைசி என்று தெரியாமல் எழுதியது. அதில் கனிவே இல்லை. வெடுக்கென்று முடியும்.

இதை என் பெயரில் எழுதியிருக்கிறேன். எழுதி முடிக்க மூன்று மாதம் ஆயிற்று; கால் பழைய கால்தான். நேற்றுக் காலை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று இடத்தில் விரல் எழுந்தது. முதல் இரண்டும் நான் என்னைத் தேவைக்கு மேல் திட்டிக்கொண்ட இடங்கள். மூன்றாவது, கடைசி வரி. அந்தக் காலர் வாக்கியத்தின் மிச்சம் ஒரு நாள் வந்துவிடும் என்று முடித்திருந்தேன்.

அவள் விரலை இறக்கவில்லை. நான் பென்சிலை எடுத்தேன்.